குஸ்கோவின் கோப்பையை மலையின் கணக்கில் எழுதாதீர்கள்: ஓர் இதழின் ஆசிரியர் குழுவுக்குத் திறந்த மடல்

ஆசிரியர் குழுவினருக்கு,

உங்கள் தென் அமெரிக்கக் கால்பந்துச் சிறப்பிதழில் பெரு நாட்டின் சியென்சியானோ கிளப்புக்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். குஸ்கோ நகரத்தின் சிறிய அணி, கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில் எதிரணிகள் மூச்சுத் திணறியதால் 2003இல் கோப்பையை வென்றது என்று அந்த இரண்டு வரி சொல்கிறது. பக்கத்தில் மச்சு பிச்சு படம். ஒரு வீரரின் பெயர் இல்லை, பயிற்சியாளரின் பெயர் இல்லை. கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது.

நான் அனுப்பியது பதினொரு பக்கக் கட்டுரை. அதை வெட்டியதற்காக இந்த மடலை எழுதவில்லை. வெட்டுவது ஆசிரியரின் உரிமை, இடப் பற்றாக்குறை எனக்கும் தெரியும். ஆனால் என் கட்டுரை எதை மறுத்து எழுதப்பட்டதோ, அதையே என் பெயரில் அச்சடித்திருக்கிறீர்கள். போன் செய்து கேட்டேன். அந்த ஊர்ப் பெயரே இங்கே யாருக்கும் தெரியாது, மலை என்றால்தான் வாசகருக்குச் சட்டென்று புரியும் என்றார் பேசியவர். திருத்தம் போடுங்கள் என்று இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. அதனால்தான் இப்போது எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

அந்த இறுதிப் போட்டியை நீங்கள் ஒரு முறையாவது தேடிப் பார்த்திருக்கலாம். தென் அமெரிக்காவில் அப்போது இறுதிப் போட்டி இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் ஓர் அணியின் ஊரில், மறு ஆட்டம் மற்ற அணியின் ஊரில். சியென்சியானோ வென்றது கோபா சுடாமெரிக்கானா, தென் அமெரிக்க கிளப்புகள் மோதும் கோப்பை. அது தொடங்கி அப்போது இரண்டாவது வருடம்தான். எதிரே அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட். பயிற்சியாளர் மானுவேல் பெயெக்ரினி, முன்களத்தில் சிலி நாட்டின் மார்செலோ சலாஸ். முதல் ஆட்டம் 2003 டிசம்பர் 10, புவெனஸ் அயர்ஸில். அந்த ஊர் கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே போய் சியென்சியானோ 3-3 என்று சமன் செய்தது. மறு ஆட்டம் டிசம்பர் 19. குஸ்கோவில்தான் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. இறுதிப் போட்டி நடத்தும் அரங்கில் 40,000 பேர் உட்கார இடம் வேண்டும் என்பது விதி. குஸ்கோவின் இன்கா கார்சிலாசோ தே லா வேகா அரங்கில் அன்று அவ்வளவு இடம் இல்லை. ஆட்டம் அரெக்கிப்பாவுக்குப் போனது. அரெக்கிப்பா வேறு ஊர். குஸ்கோவைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் தாழ்வான ஊர்.

அதாவது, எந்த மலை வென்று கொடுத்தது என்று எழுதியிருக்கிறீர்களோ, அந்த மலையில் இறுதிப் போட்டியின் ஒரு நிமிடம்கூட நடக்கவில்லை.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு பழச்சாறு கடையில். 2022லிருந்து இரண்டு வருடம் குஸ்கோவில் வேலை பார்த்தேன். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் அம்மாவுக்கு சான் பெத்ரோ சந்தையில் ஒரு கடை. வரிசையாகப் பழச்சாறு கடைகள், உயரமான மேடைக்குப் பின்னால் பெண்கள் நின்று பழம் அறுப்பார்கள். அந்த அம்மாவின் மேடையில் மிக்சிக்கு மேலே 2003 அணியின் போட்டோ ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும். சாறு தெறித்துத் தெறித்து உறை மஞ்சளாகிவிட்டது. முன்வரிசையில் குத்த வைத்திருக்கும் இரண்டு பேரின் முகம் வெளுத்தே போய்விட்டது. ஆனாலும் ஈர விரலை உறையின் மேல் வைத்து இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயராகச் சொல்வார். இபான்யெஸ், அக்காசியெத்தே, லா ரோசா, பசலார், கவாந்திக்கோ, கார்ட்டி. பெயர் சொன்ன பிறகு விரல் பட்ட இடத்தைத் துணியால் துடைப்பார். ஒவ்வொரு முறையும் துடைப்பார்.

முதல் தடவை அந்தப் போட்டோவைப் பார்த்தபோது நானும் உங்களைப் போலத்தான் கேட்டேன். உங்கள் ஊர் உயரம் உங்களுக்கு ரொம்ப உதவியிருக்கும் இல்லையா என்றேன். அவர் பப்பாளி அறுத்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். "அரெக்கிப்பா எங்க ஊரு இல்லையேப்பா" என்றார். அவ்வளவுதான். கோபமே இல்லை. பல வருடமாகப் பல பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்த குரல். அவருடைய கணவர் அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் அரெக்கிப்பா போனவர். டிக்கெட்டுக்காகத் தையல் மிஷினை அடகு வைத்ததாகச் சொன்னார். சொந்த ஊர் அணியின் இறுதிப் போட்டியைப் பார்க்க ஒரு மனுஷன் மலை இறங்கி ராத்திரி முழுக்கப் பயணம் போக வேண்டியிருந்தது. அந்தக் குடும்பம் இழந்ததை உங்கள் இரண்டு வரி அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த சலுகையாக மாற்றிவிட்டது. எனக்குப் பொறுக்காதது இதுதான்.

அந்த ஆட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் வெட்டிய பக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. எழுபத்தெட்டாவது நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது ஒரு ஃப்ரீ கிக். அடித்தவர் பராகுவேயிலிருந்து வந்த கார்லோஸ் லூகோ. பந்து வலைக்குள் போனது. 1-0. இரண்டு ரெட் கார்டு வாங்கி, ஆட்டம் முடியும்போது சியென்சியானோவில் களத்தில் நின்றவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேர் பதினொரு பேரைத் தடுத்து நிறுத்திக் கோப்பையைத் தூக்கினார்கள். பெருவின் கிளப் ஒன்று கண்ட அளவிலான கோப்பையை வென்றது அதுதான் முதல் முறை. தலைநகர் லிமாவின் பெரிய கிளப்புகளால் முடியாதது இது. யுனிவர்சிதாரியோ 1972இலும் ஸ்போர்ட்டிங் கிரிஸ்டல் 1997இலும் தென் அமெரிக்க கிளப்புகளின் முதன்மைக் கோப்பையான லிபர்டடோரஸில் இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றுத் திரும்பினார்கள்.

சரி, உயரம் எதுவுமே செய்யவில்லையா? செய்தது. அதை மறைத்து எழுதினால் நானும் உங்கள் தவற்றையே செய்தவன் ஆவேன். குஸ்கோ போய் இறங்கிய முதல் நாள், வாடகை வீட்டுக்குப் பதினாறு படி ஏறி நடுவில் உட்கார்ந்துவிட்டேன். மூக்கால் இழுக்கிறேன், காற்று வருகிறது, போதவில்லை. வீட்டு அம்மா கோக்கா இலை போட்ட வெந்நீர் கொடுத்து, மூன்று நாள் மெதுவாக நட என்றார். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் இருபத்தொரு சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது அந்த அளவுக்குக் குறைவு. மெல்லிய காற்றில் உதைத்த பந்து வேகமாகவும் போகும். வெளியூர் அணிக்கு இது கஷ்டம்தான். சிலியின் யுனிவர்சிதாத் கத்தோலிக்காவை சியென்சியானோ குஸ்கோவில் 4-0 என்று வென்றது, சிலிக்குப் போய்த் தோற்றது. அந்த ஒரு சுற்றில் சொந்த ஊர் கைகொடுத்தது என்று நானே எழுதியிருந்தேன்.

மற்ற சுற்றுகளைப் பாருங்கள். சான்டோஸ் 2002இல் பிரேசில் சாம்பியன், 2003இல் லிபர்டடோரஸ் இறுதிப் போட்டி ஆடிய அணி, ரொபின்யோவும் டியேகோவும் வளர்ந்த அணி. அவர்களுடைய ஊர் ஒரு துறைமுகம். அங்கே போய் 1-1. பிறகு அரையிறுதியில் கொலம்பியாவின் அட்லெட்டிகோ நாசியோனால். மெடெயின் நகரத்தில், அவர்கள் மண்ணில், 2-1 என்று வென்றுவிட்டுத்தான் குஸ்கோ திரும்பினார்கள். அடுத்த வருடம் ரெக்கோப்பா. லிபர்டடோரஸ் சாம்பியனும் சுடாமெரிக்கானா சாம்பியனும் மோதும் கோப்பை அது. எதிரே அர்ஜென்டினாவின் போக்கா ஜூனியர்ஸ். ஆட்டம் 2004 செப்டம்பர் 7, அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையில், ஃபோர்ட் லாடர்டேலில். கார்லோஸ் தெவெஸ் போக்காவுக்கு கோல் அடித்தார். சியென்சியானோ ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் சமன் செய்து, பெனால்டியில் 4-2 என்று வென்றது. கடற்கரையில் வென்ற அந்தக் கோப்பைக்கு உங்கள் இரண்டு வரியில் இடமே இல்லை. இருந்திருந்தால் முதல் வரி நிற்காது.

இன்னொன்றும் கேட்கிறேன். உயரமே கோப்பை தரும் என்றால் பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் கோப்பைகள் குவிந்திருக்க வேண்டும். அது குஸ்கோவைவிட உயரம். ஆனால் பொலிவிய கிளப் எதுவும் இன்று வரை கண்ட அளவிலான கோப்பை வென்றதில்லை. 2004இல் பொலிவார் அணி சுடாமெரிக்கானா இறுதிப் போட்டிக்கு வந்தது, லா பாஸில் போக்காவை 1-0 என்று வென்றது, புவெனஸ் அயர்ஸில் 2-0 என்று தோற்றது. மலையில் வெல்வது பாதி வேலை. மலையிலிருந்து இறங்கிப் போய்ப் பிழைப்பதுதான் மீதிப் பாதி. சியென்சியானோ அந்தப் பாதியையும் செய்தது. அதைச் செய்தது மலை இல்லை, மனிதர்கள்.

அந்த மனிதர்கள் யார் என்றும் எழுதியிருந்தேன். பயிற்சியாளர் பிரெடி டெர்னெரோ லிமாக்காரர். யுனிவர்சிதாரியோவில் ஆடியவர். "சி சே புவேதே", அதாவது "முடியும், நம்மால் முடியும்" என்ற வாசகம் அந்த வருடம் அவர் வாயிலிருந்து குஸ்கோவின் எல்லா வாய்க்கும் பரவியது. கோல்கீப்பர் ஆஸ்கர் இபான்யெஸ் அர்ஜென்டினாவில் பிறந்து பெருவுக்கு ஆடியவர். ஹெர்மன் கார்ட்டிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. மற்ற கிளப்புகள் ஓய்வு கொடுத்து அனுப்பும் வயது. அந்த வயதில் ஆறு கோல் அடித்து, அந்தத் தொடரிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார். செசார் கவாந்திக்கோ குஸ்கோவிலேயே பிறந்தவர், கெச்சுவா மொழிக் குடும்பப் பெயர் கொண்டவர். சந்தையில் அந்தப் பெயருக்கு வரும்போது மட்டும் கடை அம்மாவின் குரல் ஒரு பிடி ஏறும். இப்படி அங்கங்கே இருந்து சேர்ந்த அணி அது. மலைக்காற்றில் பிறந்து வளர்ந்த நுரையீரல்களால் வென்ற அணி என்று சொல்ல இவர்களில் எத்தனை பேரைக் காட்ட முடியும்?

கிளப்பின் பிறப்பையும் வெட்டிவிட்டீர்கள். குஸ்கோவில் சிமோன் பொலிவார் 1825இல் நிறுவிய பள்ளி ஒன்று உண்டு. பெயர் கொலேஹியோ நாசியோனால் தே சியென்சியாஸ், தமிழில் சொன்னால் தேசிய அறிவியல் பள்ளி. அந்தப் பள்ளியின் மாணவர்கள் 1901 ஜூலை 8 அன்று தொடங்கியதுதான் இந்த கிளப். சியென்சியானோ என்றால் அறிவியல் பள்ளிக்காரன், அவ்வளவுதான் பொருள். ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்கள் தொடங்கிய கிளப், நூற்றிரண்டு வருடம் கழித்து ரிவர் பிளேட்டை வீழ்த்தியது. இந்த ஒரு வரிக்காகவாவது இரண்டு வரியை மூன்று வரி ஆக்கியிருக்கலாம்.

பெருவில் தேசிய லீக் என்று பெயர் இருந்தாலும் 1966 வரை அது லிமாவும் அதன் துறைமுகம் கய்யாவோவும் ஆடிய லீக். அந்த வருடம்தான் மற்ற மாகாணங்களின் அணிகளுக்குக் கதவு திறந்தது. சியென்சியானோ இன்று வரை பெருவின் முதல் டிவிஷன் பட்டத்தை வென்றதில்லை. 2001, 2005, 2006 மூன்று வருடமும் பக்கத்தில் போய்த் தவறவிட்டது. சொந்த நாட்டில் கிடைக்காத பட்டத்தைக் கண்டத்தில் வென்ற கிளப் அது. 2015இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. டெர்னெரோ காலமானதும் அதே வருடம்தான், செப்டம்பரில். நான்கு பருவம் கீழே ஆடி, 2019இல் அந்த டிவிஷனை வென்று மேலே வந்தது.

நான் பார்த்த ஆட்டங்களில் கூட்டம் பாதிதான் இருக்கும். இப்போது அதே அரங்கில் குஸ்கோ எஃப்சி ஆடுகிறது, டெபோர்ட்டிவோ கார்சிலாசோவும் ஆடுகிறது. மதிய வெயிலில் தோல் எரியும், மேகம் மறைத்ததும் ஸ்வெட்டர் தேட வேண்டும். வாசலில் சோளம் விற்பவர் ஒருவர் சிவப்புச் சட்டையில்தான் வருவார். இறுதிப் போட்டிக்கு இடம் போதாது என்று ஒதுக்கப்பட்ட அந்த அரங்கு விரிவாக்கப்பட்டு, ஏழே மாதத்தில், 2004 ஜூலையில், தென் அமெரிக்க நாடுகளின் தொடரான கோபா அமெரிக்காவின் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தை நடத்தியது. உருகுவேயும் கொலம்பியாவும் அங்கே ஆடின. ஏழு மாதம் முன்னாடியே கட்டியிருந்தால் என்று குஸ்கோவில் இன்னமும் பேசுகிறார்கள். என்னிடம் பேசியிருக்கிறார்கள், பலமுறை.

இந்த "மலைதான் வென்றது" பேச்சு அந்த ஊருக்குச் செய்த கெடுதல் சின்னதும் இல்லை. 2007 மே மாதம் 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்று ஃபிஃபா தடை போட்டது. எதிர்ப்பு வந்ததும் ஜூனில் அந்த வரம்பை 3,000 ஆக்கியது. லா பாஸுக்குத் தனி விலக்கு கொடுத்தது. அப்படியும் குஸ்கோ வெளியேதான். ஒரு வருடம் போராடிய பிறகுதான் தடையை நிறுத்தி வைத்தார்கள். கடலோரத்து ஊர்கள் தோற்றால் அணி சரியில்லை என்பார்கள், மலையில் தோற்றால் மலை சரியில்லை என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் ஊரிலேயே சொல் இருக்கிறது. அந்தக் கூடத்தில் குடியிருக்கும் மக்களைப் பற்றி நாம் தமிழில் எழுதும்போது, கோணல் என்று சொன்னவர்களின் பேச்சை நகல் எடுக்கக் கூடாது.

உங்கள் இதழ் வந்த வாரம் என் அக்கா மகன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். ஒன்பதாம் வகுப்பு. அவன் கால்பந்து பார்க்க ஆரம்பித்ததே என்னால்தான். அரெக்கிப்பா கதையை அவனுக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். "மாமா, நீங்க சொன்னது வேற, இதுல உங்க பேர்ல போட்டது வேற. எது உண்மை?" என்று கேட்டான். பள்ளியில் நடக்கும் வினாடி வினாவுக்கு உங்கள் இதழிலிருந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான். பதிலை நோட்டில் எழுதியும் வைத்திருந்தான்: சியென்சியானோ, உயரம். அச்சில் வந்ததை அடித்துவிட்டு நான் சொன்னதை எழுத அவனுக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தில் அவன்மேல் தப்பில்லை. தமிழில் கால்பந்து வரலாறு எழுதும் இதழ்கள் மிகக் குறைவு, உள்ளதை அவன் நம்புகிறான். ஊர்ப் பெயரே யாருக்கும் தெரியாது என்று போனில் சொன்னீர்கள். தெரியாத ஊரைத் தெரியவைக்கத்தான் அவன் காசு கொடுத்து உங்கள் இதழை வாங்கினான்.

இனி நான் கேட்பது.

அடுத்த இதழில், சிறப்பிதழில் அந்தக் குறிப்பு வந்த அதே அளவு எழுத்தில், திருத்தம் வெளியிடுங்கள். 2003 இறுதிப் போட்டியின் மறு ஆட்டம் அரெக்கிப்பாவில் நடந்தது, 2004 ரெக்கோப்பா புளோரிடாவில் நடந்தது என்று இரண்டு செய்தியும் அதில் இருக்க வேண்டும். குறிப்பை நான் எழுதவில்லை என்றும் போடுங்கள். இணையத்தில் உள்ள பதிப்பிலிருந்து என் பெயரை இன்றே நீக்கிவிடுங்கள், அதற்கு அடுத்த இதழ் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கட்டுரையை முழுசாகப் போட இடம் இல்லை என்றால் போட வேண்டாம். வேறு இடத்தில் வெளியிட எனக்கு எழுத்தில் அனுமதி தாருங்கள். நீங்கள் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

சிறப்பிதழ் புத்தகமாக வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இந்தப் பக்கத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். சியென்சியானோவுக்கு இரண்டு பக்கம் கொடுங்கள், மச்சு பிச்சு படத்தை எடுத்துவிட்டு அணியின் படத்தைப் போடுங்கள். டெர்னெரோ, கார்ட்டி, இபான்யெஸ், லூகோ, கவாந்திக்கோ, இந்த ஐந்து பெயராவது தமிழில் அச்சாகட்டும். தகவல் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். தலைநகர் அல்லாத மற்ற ஊர் கிளப்புகளைப் பற்றி அந்தப் புத்தகத்தில் வேறு எதுவும் எழுதியிருந்தால் அதையும் அச்சுக்கு முன்னால் எனக்கு ஒரு முறை காட்டுங்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் தாருங்கள். திருத்தம் வந்ததும் ஒரு பிரதியைக் குஸ்கோவுக்கு அனுப்பப்போகிறேன். கடை அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது, ஆனால் அந்த ஐந்து பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று அடிக்கோடு போட்டு அனுப்புவேன்.

இப்படிக்கு,
குஸ்கோவில் இரண்டு வருடம் இருந்த உங்கள் கட்டுரையாளர்